ஆஞ்சியோவில் பிளாக் இல்லையாம், ஆனால் ‘கம்ப்ளீட் பிளாக்’காம். அம்மாவுக்கு என்னதான் ஆச்சு?

குடியாத்தம்_கைலி | செவ்வாய், இரவு 10.40

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவு ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். சார்ஜர் பிளக்குக்கு எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை. போன வியாழன் எங்கள் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, தறியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அம்மாதான் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். சனிக்கிழமை பால் தெளி முடிந்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் கால் கழுவக் குனிந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அரை நிமிஷத்தில் கண் திறந்தார். உடம்பெல்லாம் வியர்வை. நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் ஈசிஜி எடுத்துவிட்டு, “ஹார்ட் அட்டாக், நாடி 34தான் இருக்கு, உடனே வேலூர் கொண்டு போங்க” என்றார்கள். 108இல் ஏற்றினோம். இங்கே வந்ததும் ஆஞ்சியோ. டாக்டர் வெளியே வந்து, “பிளாக் எதுவும் இல்லைங்க, ரத்தக் குழாய் நல்லா இருக்கு” என்றார். பெரியம்மா அங்கேயே மஞ்சள் துணியில் கங்கையம்மனுக்குக் காசு முடிந்துவிட்டார்.

சாயந்திரம் இன்னொரு டாக்டர் வந்து, “கம்ப்ளீட் ஹார்ட் பிளாக், தற்காலிக பேஸ்மேக்கர் வைத்திருக்கிறோம்” என்கிறார். நாடியை ஓட்டுகிற மெஷினாம். காலையில் பிளாக் இல்லை, மாலையில் கம்ப்ளீட் பிளாக்! கூடவே டகோட்சுபோ என்று ஒரு பேர் சொன்னார். மருந்து பில்லின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று சொல்கிறார்கள்: இதயம் ஒரு மாதத்தில் பழையபடி ஆகிவிடும், ஆனால் நிரந்தர பேஸ்மேக்கர் வேண்டியிருக்கலாம், இரண்டு நாள் பார்ப்போம் என்று. தானாகத் தேறுகிற இதயத்துக்கு எதற்கு மெஷின் என்று சித்தப்பா கேட்கிறார். எனக்கும் பதில் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_ஜங்ஷன் | செவ்வாய், இரவு 10.58

தைரியமாக இருங்கள் நண்பரே. இந்த ‘பிளாக்’ குழப்பம் எங்கள் வீட்டிலும் நடந்தது. என் மச்சான் ஸ்டென்ட் வைப்பார்கள் என்று பணத்தைப் புரட்டிக்கொண்டு வந்தான், அவர்கள் பேஸ்மேக்கர் என்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நம்மைப் படுத்துகிறார்கள்.

எக்கோ_ரூம் | செவ்வாய், இரவு 11.30

எக்கோ, அதாவது இதய ஸ்கேன், டெக்னீஷியனாக 14 வருஷம். நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். பைப் ஒன்று, மோட்டார் ஒன்று, கரண்ட் ஒயர் ஒன்று. ஆஞ்சியோவில் பார்ப்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டு வருகிற பைப். அதில் அடைப்பு இல்லை என்பதைத்தான் காலையில் சொன்னார்கள். சாயந்திரம் சொன்னது ஒயர் சமாசாரம். இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின் துடிப்பு நடுவில் ஏ.வி. முடிச்சு வழியாகக் கீழ் அறைகளுக்கு இறங்க வேண்டும். அது சுத்தமாக இறங்கவில்லை என்றால் கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். மேல் அறை 80, 90 என்று ஒரு பக்கம் துடிக்கும், கீழ் அறை தன் பாட்டுக்கு 30, 40 என்று ஓட்டும். அதனால்தான் நாடி 34. அந்த வேகம் மூளைக்குப் போதாது, மயங்கி விழுந்திருக்கிறார்.

மூன்றாவது மோட்டார், அதாவது இதயத் தசை. டகோட்சுபோ அங்கேதான். பெரிய அதிர்ச்சியில் உடம்பு அட்ரினலின் என்கிற சுரப்பைக் கொட்டும்போது இதயத்தின் கீழ் நுனிப் பகுதி மரத்துப்போய் உப்பிவிடும், மேலே இருக்கும் அடிப் பகுதி மட்டும் இழுத்துப் பிடித்துச் சுருங்கும். 1990இல் ஜப்பானில் சாடோ என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் இதை எழுதியபோது, அங்கே மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பேரை வைத்தார்கள். கழுத்து குறுகல், வயிறு பெருத்தது. நம் ஊர் ஆளுக்குச் சுரைக்குடுக்கை என்றால் புரியும். முதல் தடவை திரையில் பார்த்தபோது புரோபை நான்தான் தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று இரண்டு முறை மாற்றி வைத்துப் பார்த்தேன். நுனி அசையவே இல்லை, அடி மட்டும் கிள்ளிக் கிள்ளி எடுத்தது.

இன்னொன்று, அந்த நர்சிங் ஹோம்காரர்களைத் திட்டாதீர்கள். இந்த நோயில் ஈசிஜி, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை எல்லாமே மாரடைப்பு மாதிரிதான் காட்டும். ஆஞ்சியோ செய்யாமல் பிரித்துச் சொல்ல முடியாது. வேலூருக்கு அனுப்பினார்களே, அதுதான் சரி.

வாணியம்பாடி_லோடு | புதன், காலை 6.15

எல்லாம் சரி சார். இதயம் தானாகவே தேறும் என்று அவர்களே சொல்கிறார்கள். அப்புறம் எதுக்கு அவசரமாக நெஞ்சைக் கிழித்து மெஷின் வைக்கணும்? காரணம் துக்கம். துக்கம் ஆறினால் இதயம் ஆறும், இதயம் ஆறினால் பிளாக்கும் போகும். நான் லாரி ஓட்டுகிறவன், படிப்பு கம்மி, ஆனால் ஆஸ்பத்திரி பில்லை நிறையப் பார்த்திருக்கேன். கையெழுத்துப் போடாதே தம்பி, ஒரு மாதம் டைம் கேள்.

ஓய்வு_சிஸ்டர் | புதன், காலை 7.05

லோடு தம்பி, ஒரு மாதம் எங்கே வைத்து டைம் கேட்பது? தற்காலிக பேஸ்மேக்கர் என்றால் தொடையிலோ கழுத்திலோ ரத்தக் குழாய் வழியாக ஒயர் விட்டு, வெளியே ஒரு பெட்டியில் மாட்டியிருப்பார்கள். அந்தப் பெட்டியை நம்பித்தான் உயிர். புரண்டு படுத்தால் ஒயர் நகரும், நாளாக ஆக கிருமி ஏறும். அதோடு வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். நான் 31 வருஷம் நர்ஸாக, பெரும்பாலும் சி.சி.யூ. என்கிற இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்தவள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒயர் நழுவி மானிட்டரில் கோடு நீண்டதை இப்போது நினைத்தாலும் கை சில்லிட்டுப் போகும்.

கைலி தம்பி, மூன்று கேள்வி. ஒன்று, அம்மா சாப்பிடும் பிரஷர் மாத்திரையின் பேர். சில மாத்திரைகளே நாடியை இறக்கி பிளாக் வரவைக்கும். இரண்டு, இதற்கு முன்னால் தலைசுற்றல், கண் இருட்டுவது ஏதாவது உண்டா? மூன்று, பழைய ஈசிஜி எங்காவது இருக்கிறதா? எப்போது எடுத்ததாக இருந்தாலும் சரி.

மூன்றாவதை ஏன் கேட்கிறேன் என்றால், தம்பி செத்த துக்கத்தில் இதயம் உப்பி, அதனால் ஒயர் பழுதானது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டீர்கள். தலைகீழாகவும் இருக்கலாம். ஒயர் முன்னாலேயே பழுதாகி, நாடி திடீரென்று 34க்கு இறங்கி மயங்கி விழுந்ததே உடம்புக்குப் பெரிய அதிர்ச்சிதான். அந்த அதிர்ச்சியிலும் இதயம் உப்பலாம். பேஸ்மேக்கர் வைத்த பிறகு, அந்தச் சிகிச்சையின் பதற்றத்திலேயே டகோட்சுபோ வந்தவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

பேர்ணாம்பட்டு_வாத்தியார் | புதன், காலை 8.20

சிஸ்டர் சொல்வதற்கு ஒரு துணை. 2015இல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 1,750 டகோட்சுபோ நோயாளிகளின் கணக்கை வெளியிட்டன. பத்தில் ஒன்பது பேர் பெண்கள், சராசரி வயது 67ஐ ஒட்டி. மனத்துயரம் தூண்டியது சுமார் 28 சதவீதம் பேருக்கு. உடல் ரீதியான அதிர்ச்சி, அதாவது வேறு நோய், ஆபரேஷன், மூச்சுத் திணறல் போன்றவை, 36 சதவீதம் பேருக்கு. காரணமே தெரியாதவர்களும் 28 சதவீதத்துக்கு மேல். ‘மனசு உடைந்த நோய்’ என்று பத்திரிகையில் போடுவது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிக் கதைதான்.

2004இல் ஜப்பானில் நீகாதா பகுதியில் நிலநடுக்கம் வந்தபோது அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்த நோய் கூடியதாகப் பதிவு இருக்கிறது. 2021 மழைக்காலத்தில் எங்கள் பக்கம் பூமி அதிர்ந்தபோது பாத்திரம் உருண்டதையும் எல்லோரும் தெருவில் பாய் போட்டுப் படுத்ததையும் நினைத்துக்கொண்டேன். (விஷயத்தை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும்.)

மூலிகை_நேசன் | புதன், காலை 9.02

மருதம்பட்டைக் கஷாயம் காலை மாலை கொடுங்கள். எந்த பிளாக்காக இருந்தாலும் கரையும்.

ஓய்வு_சிஸ்டர் | புதன், காலை 9.10

ஒயரில் கரைய என்ன இருக்கிறது ஐயா? ஐ.சி.யூ.வில் இருப்பவருக்கு வெளியிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காதீர்கள் தம்பி. இதோடு இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

குடியாத்தம்_கைலி | புதன், மதியம் 1.45

சிஸ்டர், மாத்திரை ஆம்லோடிபின் 5. டாக்டரும் இதையே கேட்டார், இதனால் பிளாக் வராது என்று சொல்லிவிட்டார். தைராய்டும் பொட்டாசியமும் பார்த்தார்கள், சரியாக இருக்கிறதாம்.

இரண்டாவது கேள்வியைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. மாசியில் மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தபோது அம்மா இரண்டு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கண்ணு இருட்டுது, வெயிலு” என்றார். நம் ஊர் வெயிலுக்கு யார்தான் சந்தேகப்படுவார்கள்? நீர்மோர் கொடுத்து உட்கார வைத்தோம், அவ்வளவுதான்.

பழைய ஈசிஜி பற்றி: இரண்டு வருஷத்துக்கு முன் கண்புரை ஆபரேஷனுக்கு எடுத்தார்கள். வீட்டில் ரேஷன் கார்டு வைக்கிற தகரப் பெட்டியில் இருக்கலாம். என் தம்பியிடம் தேடச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், மானிட்டரில் எப்போது பார்த்தாலும் நாடி 80 என்றே இருக்கிறது. கீழே படுத்திருக்கிறவருக்கு இவ்வளவு வேகம் எதற்கு? ஊசி மருந்து போட்டே நாடியை ஏற்றக்கூடாதா?

எக்கோ_ரூம் | புதன், மாலை 4.30

நல்ல கேள்வி. நாடியை ஏற்ற ஐசோபிரினலின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அவை அட்ரினலின் வகை. அட்ரினலின் கொட்டியதால் மரத்துப்போன இதயத்துக்கு அதையே மறுபடியும் ஏற்றினால் என்ன ஆகும்? எரிகிற அடுப்பில் மண்ணெண்ணெய்தான். அதனால் இப்படி இரண்டும் சேர்ந்து வரும்போது ஒயர் விட்டு ஓட்டுவதே நல்லது என்று எங்கள் டாக்டர்கள் சொல்வார்கள்.

80 வைத்ததற்கும் காரணம் இருக்கும். டகோட்சுபோவில் ஈசிஜியில் க்யூ.டி. என்கிற இடைவெளி நீண்டுவிடும். ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயம் தன்னைச் சார்ஜ் செய்துகொள்ளும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நீண்டிருக்கும்போது நாடியும் மெதுவாக இருந்தால் ஆபத்தான முறுக்குத் துடிப்பு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும். கொஞ்சம் வேகமாக ஓட்டினால் அந்த இடைவெளி சுருங்கும். டகோட்சுபோ மட்டும் என்றால் ஒரு கவலை, பிளாக் மட்டும் என்றால் ஒரு கவலை, சேர்ந்து வந்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும்.

வாந்தி மாத்திரை, சில ஆன்டிபயாடிக் எல்லாம் இந்த இடைவெளியை இன்னும் நீட்டும். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் சளிக்கு, வாந்திக்கு என்று மெடிக்கலில் நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குடியாத்தம்_கைலி | வியாழன், காலை 11.20

கிடைத்துவிட்டது!

தம்பி நேற்று ராத்திரி பெட்டியைக் கவிழ்த்துத் தேடியிருக்கிறான். ரேஷன் கார்டுக்கு அடியில், மாமா கல்யாணப் பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்ததாம். அம்மாதான் வைத்திருப்பார். ரோஸ் நிறக் கட்டம் போட்ட காகிதம், கோடு பாதி வெளுத்துவிட்டது. ஓரத்தில் மெஷின் அடித்த எழுத்து மட்டும் தெரிகிறது. பைக்கில் எடுத்துக்கொண்டு வந்தான்.

டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு பக்கத்தில் இருந்த சின்ன டாக்டரைக் கூப்பிட்டு, “இங்கே பார், வலது கிளை அப்பவே போயிருக்கு, இடதுலயும் முன் கிளை போயிருக்கு” என்று காட்டினார். என்னிடம், “அம்மாவுக்கு இது இன்னைக்கு வந்ததில்லை” என்றார்.

அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றேன். இது இருக்கிற எல்லோருக்கும் முழு பிளாக் வருவதில்லை, மயக்கம் தலைசுற்றல் இல்லாவிட்டால் கவனித்து வருவதுதான் வழக்கம், ஆனால் வீட்டுக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். இன்று பெட்டியின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்களாம், உள்ளே இன்னும் 36தான் ஓடுகிறது. நாளைக்கு நிரந்தர பேஸ்மேக்கர்.

ஓய்வு_சிஸ்டர் | வியாழன், மதியம் 12.05

நினைத்தேன் தம்பி. ஏ.வி. முடிச்சுக்குக் கீழே கரண்ட் இறங்க முக்கியமாக மூன்று வழி: வலது கிளை, இடதில் முன் கிளை, பின் கிளை. உங்கள் அம்மாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே இரண்டு வழி மூடிவிட்டது. மீதி ஒரே ஒரு ஒயரில் வடாம் பிழிந்து, குடும்பத்தைப் பார்த்து, தம்பிக்குப் பால் தெளித்துவிட்டு வந்திருக்கிறார். அதுவும் மாசியிலேயே விட்டு விட்டு வேலை செய்ய ஆரம்பித்திருக்கும்.

இப்போது சித்தப்பாவுக்குப் பதில் சொல்லலாம். மோட்டார் தேறும், பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். அதைப் பார்த்து ஒயரும் தேறும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. இரண்டும் சேர்ந்து வந்தவர்களைப் பற்றி எழுதியவற்றில், பம்ப் சரியான பிறகு பிளாக்கும் போனவர்கள் உண்டு, போகாமல் பேஸ்மேக்கரோடு இருப்பவர்கள் நிறைய. பழைய ஈசிஜியே இப்படி என்றால் எனக்கு யோசனையே இல்லை. எதுவும் சொல்லவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். வெயில் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

வாணியம்பாடி_லோடு | வியாழன், மதியம் 2.40

சிஸ்டர், ஒத்துக்கிறேன். ஒரே ஒயரில் ஓடுகிற வண்டியை நானும் ரோட்டில் எடுக்க மாட்டேன். ஆனால் பணம் கேள்வி கேள்விதான். தம்பி, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கா? வருஷ வருமானம் 1,20,000க்குள் இருந்தால் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. பேஸ்மேக்கர் வைக்கிறதுக்கு முன்னாடியே கவுண்டரில் கேட்டு அனுமதி வாங்கு. பின்னாடி கேட்டால் ஓட விடுவார்கள்.

எக்கோ_ரூம் | வியாழன், மாலை 5.10

ஒன்று கேட்டு வையுங்கள். உங்கள் அம்மாவுக்கு அநேகமாக ஒவ்வொரு துடிப்பும் பேஸ்மேக்கரிலிருந்துதான் வரும். வலது கீழ் அறையின் நுனியிலிருந்தே வருஷக்கணக்கில் ஓட்டினால் சிலருக்கு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோகும். அதற்காக இப்போது இடது கிளைப் பக்கமாகவே ஒயரைப் பதிக்கும் முறை வந்திருக்கிறது. எல்லோருக்கும் தேவை என்று இல்லை, எல்லா இடத்திலும் செய்வதும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒருமுறை அடிவாங்கிய இதயம், கேட்பதில் தப்பில்லை.

குடியாத்தம்_கைலி | சனி, காலை 7.30

நேற்று வைத்துவிட்டார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே, மரத்துப்போக ஊசி போட்டு, ஒன்றரை மணி நேரம். இரண்டு ஒயர், ஒன்று மேல் அறைக்கு, ஒன்று நீங்கள் சொன்ன இடது கிளைப் பக்கம். கேட்டதும் “யார் சொன்னது?” என்று டாக்டர் சிரித்தார். அட்டையில் பாதிச் செலவு போயிற்று.

தொடையிலிருந்த ஒயரை எடுத்ததும் அம்மா முதலில் கேட்டது, “பதினாறாம் நாளுக்குள்ள வீட்டுக்கு விடுவாங்களா?”

நைனாவுக்கு_பேஸ்மேக்கர் | சனி, காலை 9.15

வாழ்த்துகள் அண்ணே. எங்கள் நைனாவுக்கு வைத்து ஏழு வருஷம், சோளிங்கர் படி ஏறி இறங்கினார். முதல் ஒன்றரை மாதம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க விடாதீர்கள், கொடியில் துணி காயப்போடுவது உட்பட. அதற்காகக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி வைத்தால் தோள் இறுகிவிடும், எங்கள் நைனாவுக்கு அதுதான் ஆச்சு. செல்போன் வலது காதில், சட்டைப் பையில் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பில் இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கொடுக்கிற கார்டை எப்போதும் பையில் வைக்கணும்.

இன்னொன்று சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இது இன்றைக்குப் பேசுகிற விஷயம் இல்லை, ஆனால் யாரும் சொல்வதில்லை. என்றைக்காவது ஒரு காலத்தில், தகனம் என்றால் முன்னாலேயே மெஷினை எடுத்துவிட வேண்டும். பேட்டரி தீயில் வெடிக்கும். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் தெரியாமல் விட்டுவிட்டார்கள்.

குடியாத்தம்_கைலி | ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.50

எல்லோரும் விசாரித்திருந்தீர்கள், தாமதத்துக்கு மன்னிக்கவும். வெள்ளிக்கிழமை மறுபரிசோதனைக்குப் போனோம். எக்கோவில் இதயம் பம்ப் செய்யும் அளவு 35இலிருந்து 60 சதவீதம் ஆகிவிட்டது. குடுக்கையும் இல்லை ஒன்றும் இல்லை. எக்கோ எடுத்த பெண்ணிடம் அம்மா, “நல்லா பாத்தியா?” என்று இரண்டு தடவை கேட்டார். அப்புறம் பேஸ்மேக்கரைக் கம்ப்யூட்டரில் பார்த்து வேகத்தை இறக்கினார்கள். அம்மாவின் சொந்தத் துடிப்பு 38தான். அது திரும்பவில்லை. சித்தப்பா கூடவே நின்று திரையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

எங்கள் ஊர் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை இந்த வருஷம் அம்மா, பெரியம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்து வைத்த காசைப் பெரியம்மா செலுத்திவிட்டார்.

சித்தப்பா போன வாரம் ஒரு காரியம் செய்தார். அந்தப் பழைய ஈசிஜி இனிமேல் வெளுக்கக்கூடாது என்று, யாரிடமும் சொல்லாமல், பஸ் ஸ்டாண்ட் கடையில் லேமினேஷன் போடக் கொடுத்திருக்கிறார். சூட்டில் அந்தக் காகிதம் முழுக்கக் கறுத்து, கரிச்சட்டி அடி மாதிரி வந்திருக்கிறது. நல்லவேளை, பைக்கில் வருகிற வழியிலேயே தம்பி இரண்டு ஜெராக்ஸ் எடுத்திருந்தான்.